வரவுப் பக்கம் இல்லாத வரவு செலவுத் திட்டம்: ‘றூல் த வேவ்ஸ்’ விளையாட்டை முன்வைத்து

கணனி விளையாட்டுகள் பற்றி நமது வட்டங்களில் கதைக்கப்படும்போதெல்லாம் பேச்சு சுடும் விளையாட்டுகளைச் சுற்றியே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் இரத்தத்துக்குப் பழகிப் போகிறார்கள் என்பார் ஒருவர். இல்லை, அது வெறும் பொழுதுபோக்கு, நாமும் சிறுவயதில் கள்ளன் பொலிஸ் விளையாடியவர்கள்தானே என்பார் இன்னொருவர். இரு தரப்பும் ஒரு விடயத்தில் ஒத்துப் போகின்றன: ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது துவக்கில்தான் இருக்கிறது. துவக்கைக் கையில் தராமல், விளையாடுபவரை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, ஒரு தேசத்தின் கடற்படைச் செலவை மாதாமாதம் கணக்குப் பார்க்கச் செய்கிற ஒரு விளையாட்டைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். துவக்கைவிட இந்த மேசையே கூடுதலாக யோசிக்கப்பட வேண்டியது என்பது எனது எண்ணம்.

விளையாட்டின் பெயர் ‘றூல் த வேவ்ஸ்’. பிரெட்றிக் வாலின் வடிவமைத்து 2015இல் முதல் பதிப்பு வந்தது. 2019இல் இரண்டாவது, 2023இல் மூன்றாவது. முதலாவது 1900இல் தொடங்குகிறது. மூன்றாவது 1890இலிருந்து 1970வரை நீள்கிறது. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், யப்பான், அமெரிக்கா என்று ஒரு நாட்டைத் தெரிவுசெய்து அதன் கடற்படைத் தலைமையை ஏற்கிறோம். ஒரு நகர்வு ஒரு மாதம். திரையில் கண்ணைக் கவரும் படங்கள் எவையும் இல்லை. சாம்பல் நிறச் சட்டங்களுக்குள் பெயர்களும் எண்களும். எந்தக் கப்பல் கட்டப்படுகிறது, இன்னும் எத்தனை மாதம், மாதத்துக்கு என்ன செலவு, எதைப் பாவனையில் வைப்பது, எதை ஆட்குறைத்துத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுச் செலவை மிச்சம் பிடிப்பது, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, உளவுக்கு எவ்வளவு. சண்டை வந்தால் கடல் வரைபடத்தில் சிறு குறிகள் நகரும். ஆனால் சண்டை இல்லாமலே பல வருடங்கள் ஓடுகின்றன. போதாதென்று இந்த எண்களை எக்செல் தாளில் பிரதியெடுத்து மேலதிகமாகக் கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு.

இதை எனக்குக் காட்டியவர் என்னோடு இரவு முறை வேலை செய்யும் ஒரு ஜேர்மன் இளைஞர். எட்டு மணிநேரம் இயந்திரத்திலிருந்து விழும் பெட்டிகளை எண்ணிப் படிவத்தில் எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் அதே மாதிரியான படிவத்தை ஆசையோடு நிரப்புகிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் ஒரு சனி ஞாயிறு முழுக்க அதற்கு முன்னால் இருந்தேன். ஆகவே சிரிப்பதற்கு உரிமை இல்லை.

நான் ஜேர்மனியை எடுத்துக்கொண்டு 1900 தையில் தொடங்கினேன். விளையாட்டில் ஒவ்வொரு அயல்நாட்டோடும் நமக்குள்ள பதற்றம் ஓர் அளவாகக் காட்டப்படுகிறது. இடையிடையே ஒரு செய்திப் பெட்டி திறக்கும்: எங்கோ ஒரு சம்பவம், அரசாங்கம் உங்கள் ஆலோசனையைக் கேட்கிறது. கடுமையாக நிற்கச் சொன்னால் பதற்றம் ஏறும், அதோடு கடற்படைக்கான நிதியும் ஏறும். சமரசம் சொன்னால் பதற்றம் இறங்கும். நிதியும் இறங்கும், பெரும்பாலும் ‘கௌரவம்’ என்ற புள்ளியும் சேர்ந்து இறங்கும். இந்தக் கௌரவம்தான் கடைசியில் நமது மதிப்பெண். அது தீர்ந்து போனால் பதவியும் போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம், விளையாட்டின்படி 1904 அளவில், பிரித்தானியாவுடனான பதற்றம் தானாகவே தணிந்தது. நான் எதுவும் செய்யவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் நிதி சுருங்கியது. கட்டுமானத்தில் பாதி உயர்ந்து நின்ற ஒரு போர்க்கப்பலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எனக்கு வந்த உணர்வு எரிச்சல். சமாதானம் என் அட்டவணையைக் கெடுத்துவிட்டது. அடுத்த செய்திப் பெட்டி திறந்தபோது யோசிக்காமலே கடுமையான பதிலை அழுத்தினேன். போர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. போர் வந்தால் தோற்பேன் என்பது தெரியும். எனக்கு வேண்டியிருந்தது போருக்குச் சற்றுக் கீழே, நிதி வற்றாத உயரத்தில் நிலைத்து நிற்கும் ஒரு பதற்றம். யுத்தத்தின் கொடுமையைக் கண்ணால் கண்ட ஒரு மனிதனை, ஒரு கணக்குத் தாள் ஆறு மணி நேரத்தில் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இதை விளையாட்டின் குற்றமாகச் சொல்லவில்லை. மாறாக இதுவே அதன் ஆகப் பெரிய சிறப்பு. இராணுவ நிறுவனம் ஒன்று சமாதானத்தை ஏன் உள்ளூர வெறுக்கிறது என்பதை அதன் அதிகாரிகளைக் கொடியவர்களாகக் காட்டாமலே இது உணர்த்திவிடுகிறது. எத்தனையோ வருடம் பொருளியல் விரிவுரை மண்டபங்களில் நின்று, நிறுவனங்கள் தமது ஒதுக்கீட்டைப் பெருக்கவே முயலும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். எந்த மாணவருக்கும் அது உடம்பில் உறைத்ததாக நினைவில்லை.

வரலாறும் இதற்குச் சாட்சி. ஜேர்மன் கடற்படைச் செயலாளர் அட்மிரல் திர்பிற்ஸ் 1898இலும் 1900இலும் இரண்டு கடற்படைச் சட்டங்களைக் கொண்டுவந்தார். முதற் சட்டம் 19 பெரும் போர்க்கப்பல்கள் என்றது; இரண்டாவது அதை 38 ஆக்கியது. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது சட்டத்தின் வடிவம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஆயுட்காலம் விதிக்கப்பட்டது. அது முடிந்ததும் பதில் கப்பல் கட்டப்பட வேண்டும் என்பது சட்டமாயிற்று. வருடந்தோறும் பாராளுமன்றத்தின் முன் போய்க் கெஞ்சும் தேவை பெருமளவு இல்லாமல் போனது. எக்செல் தாளில் ஒரு பெட்டிக்குள் சூத்திரத்தை எழுதிவிட்டால் கீழேயுள்ள பெட்டிகள் தாமாக நிரம்பும் அல்லவா? திர்பிற்ஸ் ஒரு நாட்டின் அரசியலுக்குள் அப்படியொரு சூத்திரத்தை எழுதினார். 1908இல் கப்பலின் ஆயுட்காலம் 25 வருடத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஓர் எண்ணை மாற்றியதும் கட்டவேண்டிய கப்பல்கள் விரைந்து பெருகின.

இந்த இடம்வரை விளையாட்டோடு எனக்கு முரண்பாடு இல்லை. முரண்பாடு அட்டவணையின் முதல் வரியில் தொடங்குகிறது.

மாதத் தொடக்கத்தில் நிதி வந்துவிடுகிறது. எங்கிருந்து? அரசாங்கத்திடமிருந்து. அரசாங்கத்துக்கு எங்கிருந்து? அந்தக் கேள்விக்குரிய தாள் விளையாட்டில் இல்லை. நாட்டின் பொருளாதார வளத்தைக் குறிக்க ஓர் எண் உண்டு. அது மெல்ல வளரும், போரில் தேயும். அவ்வளவுதான். செலவுப் பக்கத்தில் பீரங்கியின் விட்டம், கவசத்தின் தடிப்பு, கொதிகலனின் எரிபொருள் என்று இத்தனை நுணுக்கம் பார்ப்பவர்கள் வரவுப் பக்கத்தை ஒற்றை எண்ணால் மூடிவிட்டார்கள். ஒரு குடும்பக் கணக்கை இப்படி எழுதிக் காட்டினால் எங்கள் அம்மாமார் கொப்பியைத் திருப்பி எறிந்திருப்பார்கள்.

அந்த மூடப்பட்ட பக்கத்தில் என்ன இருந்தது? ஜேர்மன் சாம்ராச்சியத்தின் மத்திய அரசுக்கு அன்று நேரடி வருமான வரி கிடையாது. அது மாநிலங்களின் கையில் இருந்தது. மத்திய அரசு பெரிதும் தங்கியிருந்தது சுங்கத் தீர்வையிலும் நுகர்வு வரியிலும். 1902இல் நுரைக்கும் வைனான செக்ற்றுக்குப் போத்தலுக்கு 50 பெனிக் வரி விதித்தார்கள், கடற்படையின் பெயரால். பணக்காரர் குடிப்பது, கொடுக்கட்டும் என்று சொல்ல அது வசதியான வரி. அதே 1902இல் தானிய இறக்குமதித் தீர்வை உயர்த்தப்பட்டது. அது பாண் வாங்குகிற எல்லோரும் கொடுத்த வரி. இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்று வாதிட்டவர் எக்கார்ட் கேர் என்ற இளம் வரலாற்றாசிரியர். 1930இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது இதுதான்: ஆலை முதலாளிகளுக்குக் கப்பல், நிலப்பிரபுக்களுக்குத் தானியத் தீர்வை என்று ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது, கடற்படை இங்கிலாந்துக்கு எதிராக மட்டுமல்ல, உள்நாட்டில் தொழிலாளர் கட்சிக்கு எதிராகவும் கட்டப்பட்டது. அவரது பல்கலைக்கழக உலகம் இதை வரவேற்கவில்லை. அவர் 1933இல் இளவயதிலேயே இறந்துபோனார். அறுபதுகளில்தான் அவரை மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்கள். (அவரோடு முழுக்க உடன்படத் தேவையில்லை. எல்லாவற்றையும் உள்நாட்டு வர்க்க நலனில் கொண்டுபோய்க் கட்டுவது நமது பழைய மார்க்சியப் படிப்பு வட்டங்களை ஞாபகப்படுத்துகிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தைத் திறந்தவர் அவர்.)

1909 இன்னும் சுவையான வருடம். கப்பல்களும் கடனும் கழுத்தை நெரிக்க, சான்சலர் பூலோ பரம்பரைச் சொத்து வரியை விரிவாக்க முயன்றார். பழமைவாதிகள் தோற்கடித்தார்கள். அவர் யூலையில் பதவி விலகினார். பதிலுக்கு நிறைவேறிய நிதிச் சீர்திருத்தம் ஏறக்குறைய 500 மில்லியன் மார்க்கைத் தேடியது. பெரும்பகுதி எதிலிருந்து? பியர், புகையிலை, சாராயம், கோப்பி, தேயிலை, தீப்பெட்டி, மின்குமிழ். காணி வைத்திருந்தவன் தப்பினான், தீக்குச்சி உரசியவன் கப்பல் கட்டினான்.

அதே 1909இல் கடலுக்கு அப்பால் பிரித்தானியாவிலும் இதே கணக்கு மேசைக்கு வந்தது. எழுபது வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து சிலிங் ஓய்வூதியம் அந்த ஆண்டு தை முதலாம் திகதி தொடங்கியிருந்தது. ‘ட்ரெட்னோட்’ வகைக் கப்பல் எட்டு வேண்டும் என்று பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் கூச்சலிட்டன. முதலாவது ட்ரெட்னோட்டுக்கே 18 இலட்சம் பவுண் அளவில் செலவாகியிருந்தது. அதிகக் கப்பலை எதிர்த்த லொயிட் ஜோர்ஜ் கடைசியில் இரண்டுக்கும் பணம் தேடவேண்டியவரானார். அவர் கைவைத்தது நிலத்தின் மீதும் உயர் வருமானத்தின் மீதும். பிரபுக்கள் சபை நவம்பரில் அந்த வரவு செலவுத் திட்டத்தைத் தூக்கி எறிந்தது. 1910இல் இரண்டு தேர்தல்கள். 1911இல் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரமே வெட்டப்பட்டது. ஒரு நாட்டின் அரசமைப்பு ஆட்டம்கண்டது செலவுப் பக்கத்தால் அல்ல, வரவுப் பக்கத்தால். விளையாட்டில் பிரித்தானியாவை எடுத்து 1909ஐக் கடப்பவருக்கு இதில் ஒரு துளிகூடத் தெரியவராது.

ஒரு நண்பரோடு இதைக் கதைத்தபோது அவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: எந்த மாதிரியும் எல்லாவற்றையும் அடக்க முடியாது, எதையாவது விட்டால்தானே அது மாதிரி, நீர் படிப்பித்த பொருளியலில் விடப்பட்டவை இதைவிடக் குறைவா? குறைவில்லை. கேள்வியும் எதை விட்டார்கள் என்பதல்ல. விட்டதற்குப் பதிலாக அங்கே எதை வைத்தார்கள் என்பது. இங்கே வைக்கப்பட்டிருப்பது ‘அமைதியின்மை’ என்ற இன்னோர் எண். போர் நீண்டால், முற்றுகை இறுகினால் அது ஏறும். அளவு கடந்தால் நாட்டில் புரட்சி. அதாவது மக்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள். கொடுப்பவர்களாக அல்ல, கெடுப்பவர்களாக. சூறாவளியைப் போல, கப்பலின் அடியில் பிடிக்கும் பாசியைப் போலச் சமாளிக்கப்பட வேண்டிய ஒரு தொல்லை.

உண்மையில் அந்த எண்ணுக்கு முகங்கள் இருந்தன. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு தவறிப்போய் ஜேர்மன் சனங்கள் கால்நடைத் தீவனக் கிழங்கைத் தின்றார்கள். 1917 கோடையில் போர்க்கப்பல்களில் மாலுமிகள் சாப்பாட்டுக்காகக் குரல் எழுப்பினார்கள். அதிகாரிகளின் மேசை வேறு, அவர்களது மேசை வேறு. மக்ஸ் ரைஷ்பீட்ஷ் என்ற மாலுமியும் அல்பின் கோபிஸ் என்ற கொதிகலன் தொழிலாளியும் செப்ரெம்பர் 5ஆம் திகதி கொலோனுக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1918 ஒக்ரோபர் கடைசியில், போர் தோற்றுவிட்டது என்று தெரிந்த பிறகும், கடற்படைத் தலைமை ஒரு கடைசிச் சண்டைக்குக் கப்பல்களைத் திரட்டியது. ‘துரிங்கன்’, ‘ஹெல்கோலண்ட்’ கப்பல்களில் ஆட்கள் மறுத்தார்கள். நெருப்பை அணைத்தார்கள். நிலக்கரி அள்ளிப் போடுகிறவன் மண்வெட்டியைக் கீழே வைத்தால் உலகத்தின் இரண்டாவது பெரிய கடற்படை வெறும் இரும்பு. நவம்பர் தொடக்கத்தில் கீல் நகரம் மாலுமிகள், தொழிலாளர்கள் கையில். 9ஆம் திகதி கைசரின் ஆட்சி முடிந்தது. அடுத்த வருடம் யூன் 21இல், ஸ்கொட்லாந்தின் ஸ்கபா ஃப்ளோவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜேர்மன் கப்பல்களில் 52ஐ அவர்களது சொந்த ஆட்களே மூழ்கடித்தனர். கப்பல்கள் போய்விட்டன. செக்ற் வரி 1933இல் நீக்கப்பட்டு 1939இல் திரும்பி வந்தது. இன்றும் இருக்கிறது. முக்கால் லீற்றர் போத்தலுக்கு 1 யூரோ 2 சதம். புதுவருடத்துக்கு முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு போத்தல் தருகிறபோது நான் திர்பிற்ஸை நினைத்துக்கொள்கிறேன்.

கணக்குத் தாள் எப்போதும் படைபெருக்கத்தின் பக்கம்தான் நிற்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 1921இல் யப்பானின் அரச செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்தது. வொஷிங்டன் மாநாட்டுக்குப் போனவர் கடற்படை அமைச்சரான அட்மிரல் கட்டோ தொமொசபுரோவே. பெரும் கப்பல்களில் அமெரிக்கா, பிரித்தானியாவுக்கு ஐந்தைந்து, யப்பானுக்கு மூன்று என்ற விகிதத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவோடு பொருதுவதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகத் தரக்கூடிய நாடு அமெரிக்கா ஒன்றுதான் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. வரவுப் பக்கத்தைப் பார்த்த ஓர் அட்மிரல். விளையாட்டிலும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்கள் வருகின்றன. ஆனால் அங்கே அது பாதி கட்டிய கப்பலை உடைக்கச் சொல்லும் ஒரு துரதிர்ஷ்டமாகவே வந்துசேர்கிறது. ஒப்பந்தத்தால் யாருக்கு என்ன மிச்சம் என்று எழுத அங்கே ஒரு வரி இல்லை.

நான் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்த்தேன். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, விளையாட்டை மறுபடி 1900இல் தொடங்கி, ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஆணையிட முன்னர் அது எந்த வரியால் வரும் என்று கொப்பியில் எழுதிய பிறகே பொத்தானை அழுத்துவது என்று வைத்துக்கொண்டேன். முதலாவது செக்ற். இரண்டாவது தானியம். பிறகு பியர், புகையிலை. நாலாவது கப்பலுக்குப் பிறகு கை தயங்கியது. அரசாங்கம் இத்தனை மாதத்துக்குள் இத்தனை கப்பல் என்று கேட்டபோது மறுத்தேன், கௌரவம் இறங்கியது. இன்னொரு தடவை சமரசம் சொன்னேன், மேலும் இறங்கியது. நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை, பதவி போயிற்று. இளைஞரிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் ஆறுதலாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, தீப்பெட்டி வரி பற்றித் தமக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை என்றார். அடுத்த ஆட்டத்தில் அமெரிக்காவை எடுக்கச் சொன்னார். அங்கே பணம் பிரச்சினை இல்லையாம்.

இவ்வளவையும் இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நாங்களும் கப்பல் எண்ணியவர்கள். ஊரிலிருந்து வரும் செய்தியில் எத்தனை படகு, எத்தனை தொன், எத்தனை பேர் என்று இந்த நாட்டு வீடுகளின் வரவேற்பறைகளில் இருந்து கூட்டிக் கழித்தவர்கள். 2007 செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் ஆழ்கடலில் புலிகளின் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது எமக்குள் நடந்த விவாதம் எனக்கு நினைவிருக்கிறது: இனி எப்படிச் சாமான் போகும், எத்தனை மிச்சம். அந்தக் கப்பல்களில் இருந்த ஆட்களைப் பற்றி அந்த இரவுகளில் நாம் அதிகம் பேசவில்லை. இலங்கை அரசின் பக்கமும் அப்படியே. 2009இல் போர் முடிந்ததாக அறிவித்த பின்னரும் பாதுகாப்பு அமைச்சு அதன் வரவு செலவுத் திட்டங்களில் மிகப் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றைப் பெற்றே வந்தது. அங்கே யார் தீப்பெட்டி வரி கட்டினார்கள் என்பதை அங்குள்ளவர்கள் எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் வரவுப் பக்கம் நாங்களேதான். கோப்பை கழுவியவர்கள், பேப்பர் போட்டவர்கள், இரவு முறை செய்தவர்கள். விரும்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நானும் அப்படிக் கொடுத்தவன், என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தலுக்கு ஆளானவர்களும் உண்டு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அது எவ்வாறு நடந்தது என்று 2006இல் ஹியூமன் றைற்ஸ் வோச் ஓர் அறிக்கையே வெளியிட்டது. அந்த அறிக்கையை அன்று நாம் எப்படி எதிர்கொண்டோம் என்பது தனி விவாதம். நான் கேட்பது வேறு. போரின் செலவுப் பக்கத்தை, அதாவது எந்தச் சமர், எந்த ஆயுதம், எந்த வியூகம் என்பதை எழுதிய தமிழ்ப் புத்தகங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் எவ்வளவு போனது, அதற்காக எந்தச் சீட்டுக் கழிவுக்கு எடுக்கப்பட்டது, எந்தப் பிள்ளையின் படிப்பு தள்ளிப்போனது, கணவன் கொடுத்தது மனைவிக்குத் தெரியுமா, வேலைக்குப் போன மனைவியைக் கேட்டுத்தான் கொடுத்தாரா என்பதை எழுதிய ஒரு புத்தகத்தைக்கூட நான் இன்னும் வாசிக்கவில்லை. எங்களிடம் அந்தக் கொப்பிகள் இருக்கின்றன. சீட்டுக் கணக்கு எழுதிய பழைய டயறிகள், வங்கித் துண்டுகள், மஞ்சளாகிப்போன பற்றுச்சீட்டுகள். வீடு மாறும்போது எறிந்துவிடாமல் யாராவது வைத்திருந்தால், பெயரை மறைத்தாவது அவற்றிலிருந்து எழுதத் தொடங்கலாம். எனது வீட்டில் 1998இலிருந்து 2004வரைக்கான டயறிகள் இருக்கின்றன. எழுத்து பெரும்பாலும் என் மனைவியுடையது. அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.